செருப்புக்குக் காவலும் ஒரு கேள்வியும்

வழிகாட்டி வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது தொண்டை, கடைசியாகத் தேய்வது நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. வரலாறு சொல்லிக்கொண்டே முன்னால் நடந்து, திரும்பிப் பார்த்தால் பாதிப்பேர் ஏதோ கடையில் வெண்டிக்காய் விலை விசாரித்துக்கொண்டு நிற்பதைக் கண்டவர்களுக்கு என் பாடு விளங்கும்.

2009 கோடையில், சனிக்கிழமைகளில் இங்கிலாந்தின் சட்டன் பக்கத்துத் தமிழர்களைக் கூட்டிக்கொண்டு போய், அருகிலுள்ள கார்ஷல்டன் என்ற பழைய ஊரையும் பிறகு சட்டன் நகரத்தையும் தமிழில் காட்டுவது என் வேலை. முதல் சனிக்கிழமையே, நடைக்கு வந்திருந்த பத்மா அக்கா என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். அவருடைய கணவர் சிவபாலண்ணை ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்து மரவேலை செய்கிறவர். வன்னியில் இருந்த அவருடைய தம்பியைப் பற்றி, போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் பேச்சையே விட்டுவிட்டாராம். வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, அந்த மனுசன் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டாரெண்டால் எனக்குக் காணும்."

தேவாலய வாசலில்

கார்ஷல்டனில் குளக்கரைக்கு மேலே பல நூற்றாண்டுப் பழமையான தேவாலயம் இருக்கிறது. அதன் தூண்களைப் பற்றிச் சொல்ல ஒரு வாரமாகப் படித்து வைத்திருந்தேன். வாசலில் நின்று பேசத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன், எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். கோயில் என்று நான் சொன்னதுதான் தாமதம், கால் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. சிவபாலண்ணை அத்தனை சோடியையும் சுவரோரம் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் காவலுக்கு நின்றுவிட்டார். உள்ளே வரவே இல்லை. என் தூண்கள் அவருக்குக் கிடைக்கவில்லை.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைக்கார அம்மா வந்து அந்த வரிசையைப் பார்த்து நின்றார். வாசலை அடைத்துவிட்டோமே, ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்து முந்திக்கொண்டேன். காரணத்தைச் சொன்னேன். அவர் குனிந்து தன் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்து, அதையும் சிவபாலண்ணையிடம் கொடுத்துவிட்டு, காலுறையோடு எங்களுக்கு முன்னால் நடந்தார். தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டிய மனுசி. பீடத்தருகே போய் நின்று ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்:

"இத்தனை வருஷமாக இங்கே வருகிறேன், இந்தக் கல் இவ்வளவு குளிர் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்."

ராணியின் குதிரை

தேவாலயத்துக்குக் கீழே, வீதியோரம் ஒரு பழைய கிணறு. முன்னொரு காலத்து ராணியின் குதிரை அந்த இடத்தில் கால் இடற, ஊற்றுப் பிறந்தது என்று ஊர்க்கதை. இப்போது தண்ணீர் இல்லை, சுற்றிவர இரும்பு வேலி. யாழ்ப்பாணத்தாரிடம் கிணற்றைக் காட்டினால் வரலாறு எடுபடாது. ஆளுக்காள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நல்ல தண்ணியோ உப்புத் தண்ணியோ, எத்தனை பாகம் ஆழம் என்று தொடங்கிவிட்டார்கள்.

பலசரக்குக் கடை வைத்திருக்கும் கந்தசாமி அண்ணைக்குக் குதிரைக் கதை கொஞ்சமும் பிடிக்கவில்லை. சுண்ணாம்புக் கல்லில் கிணறு வெட்டின பரம்பரை அவர். என்னை மறித்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். நான் சிவபாலண்ணையை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் வேலியின் பொருத்துகளை விரலால் தடவிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். கந்தசாமி அண்ணை தீர்ப்புச் சொல்லிவிட்டே நகர்ந்தார்:

"குதிரை இடறினால் தண்ணி வருமெண்டால், எங்கடை சனம் ஏன் வெடி வைச்சுக் கிணறு வெட்டினது? ஆனா வத்தின கிணத்துக்கும் வேலி போட்டு வைச்சிருக்கிறாங்கள் பாருங்கோ, அதுக்குக் கும்பிடலாம்."

நாற்சந்திச் சேவல்

பஸ் பிடித்துச் சட்டனுக்கு வந்தோம். பெரிய கடைத்தெருவின் சந்தியில் உயரமான கம்பம், அதன்மேல் சேவல். நான் வாய் திறப்பதற்குள் மகேஸ்வரி மாமி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டார். கந்தனுடைய கொடியை இந்த ஊரில் யார் ஏற்றினார்கள் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. அது பழைய மதுவிடுதி ஒன்றின் பலகை, விடுதியை எப்போதோ இடித்துவிட்டார்கள், பலகையை மட்டும் மனம் வராமல் வைத்திருக்கிறார்கள் என்று மெல்லச் சொன்னேன். மாமி அசையவில்லை.

"சாராயக்கடைப் பலகையெண்டாலும் இருக்கட்டும் பிள்ளை, கும்பிட்டது கும்பிட்டதுதான்."

பூங்காவில்

கடைசி இடம் பூங்காவிலுள்ள போர் நினைவுத்தூண். அதற்குள் கூட்டம் களைத்துவிட்டது, புல்லில் உட்கார்ந்து, சாப்பிடக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்தாயிற்று. நானும் என் தொண்டைக்கு ஓய்வு கொடுத்தேன். முதலாம் உலகப் போரில் செத்த ஊர்ப் பையன்களின் பெயர்கள் தூணைச் சுற்றி இருக்கின்றன. சிவபாலண்ணை மட்டும் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். பத்மா அக்கா ரோல்ஸைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சிவபாலண்ணை என்னிடம் வந்தார். உடம்பு கிடைக்காதவர்களின் பெயரும் இதில் இருக்கிறதா என்று கேட்டார். குரல் கரகரத்தது, பாவிக்காமல் கிடந்த குரல். அந்தப் போரில் எத்தனையோ பேருக்குக் கல்லறையே இல்லை, அவர்களுக்கும் சேர்த்துத்தான் இப்படி ஊரூராகப் பெயர் வெட்டினார்கள் என்றேன். ஒருவனையும் விடாமல் எழுதி வைத்த இந்தச் சனத்தை அன்றைக்கு நான் மனதார மெச்சினேன். அவரும் தலையாட்டினார். இனி அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை.

"அப்ப அவை தேடி முடிச்சுப்போட்டுத்தான் பேர் வெட்டியிருப்பினம். நான் இன்னும் தேடவே துவங்கேல்லை, பிள்ளை."

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டு, தம்பியின் படத்தோடு, காணாமல் போனவர்களைத் தேடித் தருகிற அலுவலகத்துக்குப் போனாராம். அக்கா டெலிபோனில் சொன்னபோது அழுதார், நானும் அழுதேன். தம்பியைப் பற்றித் தகவல் இன்னும் இல்லை. ஆனால் இப்போது இருவரும் வீட்டில் கதைக்கிறார்கள், சனிக்கிழமை தவறாமல் நடைக்கும் வருகிறார்கள்.

ஒரேயொரு கேள்வியை அவர் வாயிலிருந்து எடுக்கப் பாடுபட்ட நான், இப்போது முன்வரிசையில் நின்று அவர் கேட்கிற கேள்விகளில் பாதிக்குப் பதில் தெரியாமல் முழிக்கிறேன், தேவாலய வாசலில் செருப்புக்கோ காவலுக்கு ஆளில்லை.