கடற்காற்று வந்த முற்பகல்

போன வாரம் என் மகள் தேர்வுக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆலைகளிலிருந்து உன் பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டேன். "ஏம்மா?" என்றாள்.

எண்ணூரில் எங்கள் குப்பத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே ஆலைகள். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். மாசி மாதத்துக் காலை. பனி விலகவில்லை. தரையோடு காற்று குளிர்ந்து கிடந்ததால், ஆலைப் புகை மேலே போக மனமில்லாமல் கூரைகளுக்குச் சற்று மேலே படுத்துக் கிடந்தது. அம்மா மீன்கூடையோடு ஆலைகளையும் தாண்டி, ரயில் பாதைக்கு மேற்கே உள்ள தெருக்களுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் தம்பியும், துணைக்கு அம்மாவின் தங்கையான சித்தியும். தம்பிக்கு இளைப்பு. பனி பட்டாலே அவன் நெஞ்சு விசிலடிக்கும்.

முதலில் மூக்கு எரிந்தது, பிறகு கண். ஏதோ ஆலையில் வாயு கசிந்துவிட்டதாகத் தெருவில் கூச்சல். எங்கள் குப்பத்தில் தீப்பிடித்தாலும் அடிதடி என்றாலும் ஜனம் கடற்கரைக்குத்தான் ஓடும். அங்கே காற்று நன்றாக இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சித்தி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள்ள, நாங்களும் ஓடினோம். மணலுக்கு வந்த பிறகும் எரிச்சல் குறையவில்லை, கூடியது. தம்பியின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

சித்தி நின்றாள். படகு தள்ளுமுன் ஆண்கள் செய்வதுபோல, காய்ந்த மணலை ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டாள். மணல் கடலைப் பார்த்துப் பறந்தது. காற்று இன்னும் கரையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அவள் கடலை விட்டு வடக்கே திரும்பினாள்.

"இன்னாம்மே, எங்க போற? கடலாண்ட வா," என்றார் பக்கத்து வீட்டு மாமா. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"புகையும் உங்கூடவே வந்துகினு கீது மாமா. குறுக்கால ஓடியா."

"பாருடா, காத்து இவளக் கேட்டுத்தான் அடிக்குதாம்," என்றவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமியபடியே எங்கள் பின்னால் வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும்.

கரையோரமாக ஓடி ஓடி, நெடி குறைந்த இடத்தில் உட்கார்ந்தோம். ஆனால் தம்பிக்கு மூச்சு திரும்பவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. சித்தி முந்தானையை நனைத்து அவன் மூக்கில் வைத்துக்கொண்டு, "வந்துரு, வந்துரு," என்று கடலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏதோ படகைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

வெயில் ஏறி மணல் சுட ஆரம்பித்தது. திடீரென்று என் முகத்தில் விழுந்திருந்த முடி பின்னால் பறந்தது. கடற்காற்று. கொஞ்ச நேரத்தில் புகை முழுவதும் வளைந்து மேற்கே சாய்ந்தது. தம்பியின் நெஞ்சுச் சத்தம் மெல்ல அடங்கியது. கண்ணைத் திறந்து, "பசிக்குது சித்தி," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாவாடை காற்றில் உப்பச் சுற்றிச் சுற்றி ஆடினேன்.

சித்தி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அதான் நல்ல காத்து வந்துடுச்சே சித்தி?"

"உங்கம்மா அந்தாண்ட கீறாடி."

"அங்கயும் இந்தக் காத்து போவும்ல?"

"போவும்," என்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கூடை இல்லை. வாயைத் திறந்தால் குரலே வரவில்லை. சித்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா தெருத்தெருவாகக் கூவி மீனெல்லாம் விற்று, கூடையையும் விற்றுவிட்டாள், அதனால்தான் தொண்டை கட்டிக்கொண்டது என்று தம்பிக்கு நான் விளக்கினேன். நாளைக்கு நமக்கு ஏதாவது வாங்கித் தருவாள் என்றும் சொல்லிவைத்தேன்.