உள்ளே இருந்த வருஷம்

அண்டார்டிகாவில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவள் நான். வானிலைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. திரும்பி வந்ததிலிருந்து பள்ளி பள்ளியாகப் போய் அந்தக் கதையைச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை சில பெண்பிள்ளைகளை இமயமலைக்குக் கூட்டிப்போய்ப் பனியில் நடக்கப் பழக்குகிறேன். இந்த வருஷம் என் அக்கா மகளையும் சேர்த்திருந்தேன். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் பள்ளிக்கூடம் போகும்போதே "நானும் வரேன் சின்னம்மா" என்று என் உயிரை வாங்கியவள். இப்போது திருப்பதியில், விடுதியோடு சேர்ந்த ஒரு தனியார் கல்லூரியில் இன்டர், அதாவது அந்த ஊர் பிளஸ் டூ, படிக்கிறாள்.

படிக்கிறாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அடைத்து வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியே ஏழுமலை தெரியும் என்று கண்ணாடியில் பேப்பர் ஒட்டியிருக்கிறார்கள். கவனம் சிதறுமாம். மலையைப் பார்த்து எந்தப் பிள்ளை கெட்டுப்போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

லீவு கேட்டு கல்லூரி முதல்வரிடம் போனேன். வாராவாரம் டெஸ்ட் இருக்கிறது, முடியாது என்றார். அக்காவிடம் போனேன். மகளுக்கு நல்ல ரேங்க் வர வேண்டும் என்று அலிபிரியிலிருந்து படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, குனிந்து குனிந்து திருமலை ஏறியவள் அவள். முட்டி வீங்கிப் படுத்துக் கிடந்தாள். அவள் எனக்குச் சொல்கிறாள்: "மலை ஏறிக்கினு போய் எதுனா ஆச்சுன்னா யாருடி பதில் சொல்றது? பொம்பளப் புள்ள!" தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு முதல்வரே கூப்பிட்டார். பிள்ளைகளுக்கு ஊக்கமாக நாலு வார்த்தை பேசினால் லீவைப் பற்றி யோசிக்கலாம் என்றார். நம்பிப் போனேன்.

பேசப் பேச, தூங்கி வழிந்த முகங்கள் நிமிர்ந்தன. சூரியனே எட்டிப் பார்க்காத மாதங்களைச் சொன்னேன். நீட்டிய கை தெரியாத பனிப்புயலைச் சொன்னேன். அத்தனை நாளும் அதே கட்டிடம், அதே முகங்கள், அதே டப்பா சாப்பாடு என்றதும் "ஐயோ" என்று கத்தினார்கள். பின்வரிசையில் அக்கா மகள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியும் நாங்கள் தினமும் வெளியே போனோம் என்று சொல்ல வாயெடுத்தேன். முதல்வர் என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"கேட்டீங்களா? மேடம் ஒரு வருஷம் நாலு சுவருக்குள்ளயே இருந்து சாதிச்சிருக்காங்க. வீட்டுக்குப் போகணும்னு அழுதாங்களா? உங்களால ரெண்டு வருஷம் இருக்க முடியாதா?" என்று தெலுங்கில் முழங்கினார். கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

படுபாவி! என் வாழ்க்கையின் மிகப் பெரிய பயணத்தை எடுத்து அந்த விடுதிக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டான். மைக்கைத் திரும்பக் கேட்டேன். அதற்குள் மணி அடித்து, பிள்ளைகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லீவு என்ன ஆயிற்று என்றேன். "நீங்களே இவ்வளவு பெரிய உதாரணமா இருக்கீங்க, இனிமே எதுக்கு மேடம் லீவு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுதி போனிலிருந்து அக்கா மகள் பேசினாள்.

"சின்னம்மா, நான் வரல. இனிமே லீவு கேக்காத."

"இன்னாடி சொல்ற?"

"நீ உள்ளயே இருந்துக்கினுதான ஜெயிச்ச? நானும் இருந்துக்கிறேன்."

"ஏய், கேளுடி! அங்க வாசக்கதவுக்குப் பூட்டே கிடையாது. புயல்லயும் கயிறு புடிச்சிக்கினு தெனம் வெளிய போனோம். அந்தாளு என்னைச் சொல்லவே வுடல!" என்று கத்தினேன்.

"சரி சின்னம்மா, படிக்கணும்" என்றாள். பின்னாலிருந்து யாரும் அவளை அவசரப்படுத்தும் சத்தம் கேட்கவில்லை. அவளேதான் போனை வைத்தாள்.