பூண்டில்லாத பெஸ்டோ

விழுப்புரத்தில் திண்டிவனம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது போன் வந்தது. சுநந்தா டீச்சரின் கணவர் ஜெயபால். "சுநந்தா நம்மள விட்டுட்டுப் பூட்டா சார்" என்றார். நடத்துநர் வந்து எங்கே என்று கேட்டார். பதினைந்து வருடமாகத் தினமும் சொன்ன ஊர்ப்பெயர் வாயில் வரவில்லை. வண்டி போகிற திசையில் கையைக் காட்டினேன்.

நம் பள்ளியில் சுநந்தா டீச்சர் தாவரவியல், நான் கணக்கு. அவர் வீட்டு வெள்ளிக்கிழமை பாஸ்தாவைச் சாப்பிடாதவர்கள் சக ஆசிரியர்களான உங்களில் குறைவு. அது தொடங்கிய நாளன்று நான் பக்கத்தில் இருந்தேன். ஆசிரியர் அறையில் போனை என்னிடம் நீட்டினார். ஒரு வெளிநாட்டுப் பெண்மணி பெஸ்டோ என்று ஏதோ பச்சை இலையை அரைத்துப் பாஸ்தாவில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த இலைய நல்லா பாருங்க சார். நம்ம திருநீற்றுப்பச்சிலையோட ஜாதிதான். நாம மோந்து பாத்துட்டுப் போறோம், அவங்க சாப்பிட்டுக்கினு இருக்காங்க."

அடுத்த வெள்ளிக்கிழமையே செய்துவிட்டார். அந்த ஊர்ப் பருப்புக்குப் பதில் ஜெயபாலின் கடையிலிருந்து வறுத்த வேர்க்கடலை, நம்மூர் மல்லாட்டை. சீஸுக்குப் பதில் பன்னீர். இலை கறுக்காமல் இருக்க மிக்ஸி ஜாரை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைப்பார். அவர்கள் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பூண்டு, வெங்காயம், கிழங்கு எதுவும் கிடையாது. மல்லாட்டையும் மண்ணுக்கடியில் விளைவதுதானே என்று ஒருமுறை மடக்கப் பார்த்தேன். "அது வேர் இல்ல சார், காய். பூ மேலதான் பூக்குது, அப்புறம்தான் காம்பு மண்ணுல எறங்குது. கணக்கு வாத்தியார்கிட்ட இதெல்லாம் எங்க சொல்றது" என்றார். பூண்டில்லாமல் எனக்குத் தொண்டையில் இறங்காது என்று தெரிந்து, "உங்க தட்டுல என்ன வேணா போட்டுக்குங்க. என் ஜாருல மட்டும் போடாதீங்க" என்றும் சொல்லி வைத்தார். நான் சட்டைப் பையில் வறுத்த பூண்டோடு போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். அவர் முகம் சுளித்ததே இல்லை.

பொழுது சாய்ந்தால் தண்ணீரும் குடிக்க மாட்டார். அதனால் இராவுணவு என்று கூப்பிட்டு மாலை ஐந்து மணிக்குப் பரிமாறுவார். காலண்டர் தாளில் அஸ்தமன நேரத்தைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருப்பார். ஒரு கார்த்திகை மாதத்தில் ஆய்வுக்கு வந்த அதிகாரி எங்களைப் பிடித்து வைத்துவிட்டார். நாங்கள் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் இருட்டிவிட்டது. எங்கள் எல்லோருக்கும் சுடச்சுடப் போட்டுவிட்டு, அவர் வெறுமனே எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "நான் சாப்பிடலைன்னா நீங்க ஏன் சார் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்கீங்க?" என்று அதட்டினார்.

பிறகு அவருக்கு வயிற்றில் நோய் வந்தது. மருத்துவமனையில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாரம் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். போய் என்ன செய்தேன்? ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். மின்விசிறியைக் குறைத்தேன், கூட்டினேன். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவனுக்கு அந்த அறையில் ஒன்றும் தெரியவில்லை.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் மதியம் ஜெயபால் கூப்பிட்டார். "நாலு நாளா ஒண்ணும் எறங்கல சார். இப்ப திடீர்னு அந்தப் பாஸ்தாவ கேக்குறா. எனக்கு அந்தப் பச்சையெல்லாம் அரைக்கத் தெரியாது. நீங்க ஜல்தியா செஞ்சி எடுத்துக்கினு வர முடியுமா?"

அன்று நான் தாமதமாகப் போனதற்குக் காரணம் விக்கிரவாண்டிக்கு முன்னால் சாலையின் குறுக்கே நின்ற லாரி என்றுதான் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். லாரி நின்றது உண்மை. ஆனால் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதே ஒரு மணி நேரம் கழித்து. அவர் கொடுத்த தொட்டிச் செடியில் இலை பறித்து, மல்லாட்டை போட்டு, கைப்பழக்கத்தில் நாலு பல் பூண்டையும் சேர்த்து அரைத்துவிட்டேன். மூடியைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. அவருக்கு நாக்கும் மூக்கும் மரத்துப்போயிருந்தன, கொடுத்திருந்தால் தெரிந்திருக்காது. ஜாரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கொட்டினேன். பூண்டு அரைத்த ஜார் எத்தனை கழுவினாலும் வாசம் விடாது. கடைக்கு ஓடிப் புது ஜார் வாங்கி வந்து, செடியில் மிச்சமிருந்த இலையை மொட்டையாகப் பறித்து மறுபடி அரைத்தேன்.

லாரிக்குப் பின்னால் வண்டியை அணைத்துவிட்டு நின்றபோது சூரியன் என் இடதுபக்கம் கரும்புக்கு மேலே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. ஆரன் அடித்தேன். யாருக்காக அடித்தேன் என்று தெரியவில்லை.

நான் போனபோது அவர் விழித்திருந்தார். டப்பாவைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார். "கறுக்கவே இல்லியே. ஜார ஃப்ரீசர்ல வச்சீங்களா?" என்று கேட்டார். ஜெயபால் ஸ்பூனோடு வந்து, இன்று ஒரு நாள் மட்டும் என்று கெஞ்சினார். "பொழுது போயிடுச்சுங்க. எடுத்து வைங்க, காலைல சாப்பிடுறேன்" என்றார் டீச்சர். மறுநாள் காலை அவரைப் பார்க்கத்தான் நான் அந்தப் பேருந்தில் ஏறியிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் ஜெயபால் என்னைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"விடியுறதுக்கு முன்னாடி கண்ணு முழிச்சா சார். பொழுது விடிஞ்சிடுச்சான்னு கேட்டா. ஜன்னலாண்ட போய்ப் பாத்தேன். இன்னும் இல்லம்மா, கொஞ்சம் இருன்னேன். சரின்னு கண்ண மூடினா. அவ்ளோதான். விடிஞ்சிடுச்சுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல சார்? ஒரு வாய் சாப்பிட்டிருப்பாளே."

அவரிடம் அப்போதுதான் பூண்டு விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பொய் கையருகே இருந்தது. டீச்சரிடம் அதைச் சொல்ல எங்களால் முடியவில்லை. அது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சுநந்தா டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த முடியாமை ஒன்றுதான்.