பெரியமுத்து பேரில் நின்றவர்

“என்ன தாயி, பரீட்சைக்குப் படிக்கிறீகளா?” என்று அவர்தான் முதலில் கேட்டார். மூணாற்றிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் வரும் ஒரு வில்லேஜ் ஆபீஸின் பெஞ்சு அது. வெளியே மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. பரீட்சை எழுத இல்லை, பாடம் எடுக்க என்றாள் சிவசங்கரி. கல்லூரியில் நாடகம் சொல்லிக்கொடுப்பவள் அவள்; ஏதோ ஒரு சான்றிதழுக்காக வந்து, மடியில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் என்று தெரிந்ததும் அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து, என்ன நாடகம், கதை என்ன என்று கேட்டார். அபத்த நாடகம் என்று ஒரு வகை, அதில் கதை என்று ஒன்று இருக்காது என்றாள். ஆட்கள் ஒரே இடத்தில் நிற்பார்கள். சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் சம்பந்தம் இருக்காது. ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடியும்.

“அத எந்தப் பைத்தியக்காரன் எழுதுனான்?”

அவள் சிரிக்காமல் பதில் சொன்னாள். எழுபது எண்பது வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்து ஊர் ஊராக இடிந்துபோனது. சாமி, நாடு, சட்டம் என்று பெரிய பெரிய வார்த்தைகளை நம்பிப் போனவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அந்த வார்த்தைகளுக்கு அர்த்தமும் இல்லை. அந்த வெறுமையிலிருந்துதான், பாரிஸில் சின்னச் சின்ன அரங்குகளில், இந்த நாடகங்கள் வந்தன. எழுதியவர்களில் சிலர் சொந்த ஊரை விட்டு வந்து, இரவல் பாஷையில் எழுதியவர்கள். பத்தாவது வரை தமிழிலும் அதன்பின் மலையாளத்திலும் படித்த அவளுக்கு அது மட்டும் யாரும் விளக்காமலே புரிந்திருந்தது.

“சனம் பாத்துச்சா?”

“சிரிச்சுக்கிட்டே பாத்தாங்க அண்ணாச்சி. அப்புறம் ஏன் சிரிச்சோம்னு சங்கடப்பட்டாங்க.”

அவர் ஆபீஸ் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்தார். “அப்ப இந்த வாசல்ல ஒரு ஆள உக்கார வச்சு டிக்கெட்டு கிழிக்கலாமே டீச்சர்,” என்றார். அதற்குள் உள்ளே “பெரியமுத்து” என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். எழுந்தவர் திரும்பி, “எம்பேரு ராஜசேகர்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய அண்ணன்தான் பெரியமுத்து. இருபத்தேழு வயதில், சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்குத் திருவிழாவுக்குப் போன இடத்தில், காய்ச்சல் வந்து மூன்றே நாளில் செத்துப்போனவர். அவர் பெயரில்தான் தேயிலைத் தோட்டத்தில் நிரந்தர வேலை இருந்தது. வேலையோடு, தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடும் இருந்தது. பெயர் வெட்டுப்பட்டால் அம்மாவும் தம்பியும் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கருமாதி முடிந்து மலையேறிய மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில், சூப்பர்வைசர் ராஜசேகரின் தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார். “அவன் பேர்லயே நில்லுடா. கூப்பிட்டா ‘இருக்கேன்’னு மட்டும் சொல்லு.” அப்போது இவருக்கு இருபது வயது. பெரியமுத்து என்று கூப்பிட்டார்கள். இருக்கேன் என்றார்.

முப்பத்தொரு வருடம் அப்படியே இருந்தார். மருந்தடித்தார், கவாத்து வெட்டினார், கடைசிப் பத்து வருடம் ஃபேக்டரியில் தூள் காய வைக்கும் டிரையர் முன்னால் நின்றார். அம்மா அந்த வீட்டில்தான் கண்மூடினாள். அழகுத்தாயைக் கட்டிக்கொண்டு வந்ததும் அந்த வீட்டுக்குத்தான். கல்யாணப் பத்திரிகையில் ராஜசேகர், வாக்காளர் அட்டையில் ராஜசேகர், சம்பளச் சீட்டில் பெரியமுத்து. வேலை நேரத்தில் ஒருவர், வீடு திரும்பினால் இன்னொருவர். இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. அந்த லயத்திலேயே இன்னும் இரண்டு பேர் இப்படித்தான் இருந்தார்கள்.

சிக்கல் வந்தது ஓய்வில். பெரியமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது என்று தோட்டம் கணக்குத் தீர்த்தது. ராஜசேகருக்கு அப்போது ஐம்பத்தொன்று. செத்துப்போன அண்ணனுக்கு வயதாகிக்கொண்டே இருந்திருக்கிறது. மே மாதக் கடைசிக்குள் வீட்டை ஒழித்துத் தர வேண்டும். ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு மூன்று சென்ட் மனை தருவதாக ஒரு திட்டம் இருந்தது. அதற்கு வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழ் வேண்டும். அந்த மனை கிடைத்தால்தான் அவரும் மூச்சிரைப்புக்காரியான அழகுத்தாயும் இந்த மலையில் இருக்க முடியும்.

குடும்பத்து ஆட்களின் பத்திரங்கள் எல்லாம் வேண்டும், இறந்தவர்களுடையதும் வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் ஜீப் ஏற வேண்டும் என்பது தோட்டத்து ஆளுக்குப் பழகிய பயம். ஆகவே எல்லாவற்றையும் கொண்டுபோனார். அண்ணனின் இறப்புச் சான்றிதழையும், பிளாஸ்டிக் உறை போட்டு, மேலேயே வைத்துக் கொண்டுபோனார்.

அன்றைக்கு அவர் பின்னாலேயே சிவசங்கரி உள்ளே போனது மொழிபெயர்க்கத்தான். அதிகாரி சின்ன வயதுக்காரர், கெட்டவர் அல்ல. இவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். மேலே இருந்த இறப்புச் சான்றிதழைக் காட்டி, பெரியமுத்து உயிரோடு இருக்கிறார் என்று ஒரு காகிதம் வேண்டும், இல்லையென்றால் ராஜசேகர் தோட்டத்தில் வேலை பார்த்தார் என்று ஒரு காகிதம் வேண்டும் என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். இரண்டாவதை எழுதித் தந்தால் தங்கள் தப்பை ஒத்துக்கொண்டதாகும் என்று தோட்டம் கைவிரித்துவிட்டது. வரிசையில் நிறுத்திய சூப்பர்வைசரும் இறந்துவிட்டார்.

“ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு ஒரு பேப்பரு கெடையாதான்னு கேளுங்க டீச்சர்.”

அவள் கேட்டாள். அதிகாரி உண்மையாகவே யோசித்தார். மேசை இழுப்பறையைத் திறந்துகூடப் பார்த்தார். பிறகு, அதற்கு ஃபாரம் இல்லை என்றார்.

மறுபடி வந்தார்கள், மறுபடியும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே பெஞ்சு, அதே கேள்வி, அதே இழுப்பறை. ஐந்தாவது முறை திரும்பி வரும் வழியில், இதை நாடகமாக எழுதட்டுமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். கேட்டதற்காகக் கூசவும் செய்தாள். எழுதலாம், ஆனால் தானும் நடிப்பேன் என்றார் ராஜசேகர். மனுக்காரனாக அல்ல, அதிகாரியாக.

“இந்தப் பக்கம் நின்னு பாத்தாச்சு. அந்தப் பக்கம் உக்காந்தா எப்பிடி இருக்குன்னு பாப்போம்.”

மனுக்காரனாக ஜீப் ஓட்டும் ஜெகன் நடித்தான். முடிவை எழுதாமல் விட்டிருந்தாள் சிவசங்கரி. ஜெகன் கெஞ்சுவான், இழுப்பறையில் ஒரு காகிதம் இருக்கும். கொடுப்பதும் கொடுக்காததும் அதிகாரியின் விருப்பம் என்று சொல்லி வைத்திருந்தாள். ஒத்திகையில் ஒருநாள்கூட ராஜசேகர் கொடுக்கவில்லை. “குடுங்க மாமா, வெறும் வெள்ளைப் பேப்பருதான,” என்று ஜெகன் நாடகத்தை விட்டு வெளியே வந்தே கெஞ்சினான். இவர் இழுப்பறையைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

“ரூல் இல்லையேடா மாப்ள,” என்றார். குரல் நடிப்பது போல இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொழிலாளர் மன்றத்தில் நாடகம் நடந்தது. முதல் பாதியில் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதே பேச்சு நாலாவது தரம் வந்தபோது சிரிப்பு குறைந்தது. ஆறாவது தரம், பெரியமுத்து என்று ராஜசேகர் மேசைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டபோது, பழக்கதோஷமாக அவர் வாயே “இருக்கேன்” என்றும் சொல்லிவிட்டது. முன்வரிசையில் அழகுத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இரைப்பா அழுகையா என்று சிவசங்கரிக்குத் தெரியவில்லை. இழுப்பறை திறந்தது, மூடியது. யாரும் கைதட்டவில்லை. மெல்ல எழுந்து குடையைத் தேடினார்கள்.

மே முப்பதாம் தேதி வீட்டை ஒழித்தார்கள். கட்டில், இரண்டு பாத்திர மூட்டை, தகரப் பெட்டி. ஜெகன்தான் போடிமெட்டு வழியாக இறக்கிவிட்டு வந்தான். அழகுத்தாயின் தம்பி வீட்டில், போடிக்கு அந்தப் பக்கம், ஒரு ஓரமாக இருக்கிறார்கள். கீழே வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு தரம் போனில் சொன்னார். மனைப் பட்டியல் ஜூலையில் வந்தது. பெரியமுத்துவும் அதில் இல்லை, ராஜசேகரும் இல்லை.

நாடகத்துக்கு இரண்டு வாரம் முன்பு அவர் கல்லூரிக்குத் தேடி வந்திருந்தார். வராந்தாவில் செருப்பைக் கழற்றி விட்டு, உள்ளே வராமல் நின்றார். நாடகத்துக்கு நோட்டீசு அடிப்பீர்களா என்று கேட்டார். அடிப்போம் என்றாள்.

“அதுல ‘அதிகாரி: ராஜசேகர், டீ ஃபேக்டரித் தொழிலாளி’ன்னு எம்பேரப் போட்டு, ஒரு காப்பியில மட்டும் காலேஜு சீலு ஒண்ணு குத்திக் குடுங்க டீச்சர். வில்லேஜ் ஆபீசுல காட்டிப் பாக்குறேன்.”