அம்மாவின் சோமவார மௌனம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கியிருக்கிறேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். எழுதப் போனால் ஒரு விரதத்தைக் குறைத்துப் பேசியதாகிவிடுமோ என்று ஒரு பயம். அம்மாவுக்கு ஊரில் இருக்கும் நல்ல பெயரை நானே கெடுத்துவிடுவேனோ என்று இன்னொரு பயம். பேனாவை எடுப்பேன், அண்ணாமலையாரை நினைத்துக்கொள்வேன், மூடி வைத்துவிடுவேன். நான் பிளஸ் டூவோடு நின்றவள். கணக்கு டீச்சர் பெற்ற பெண் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய கதை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிப்புதான். ஆகவே எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். "நடந்தத நடந்தபடி எழுது. எவளாவது ஒருத்தி படிச்சுட்டு கொஞ்ச நேரம் காலை நீட்டி உக்காந்தா, அது போதும்" என்றாள். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு. அப்பா கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அம்மா ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, எங்களோடுதான் இருந்தார். வீட்டில் பூஜை அறை அத்தையுடையது, சமையலறை அம்மாவுடையது. யார் எப்போது பாகம் பிரித்தார்கள் என்று தெரியாது, ஆனால் இருவரும் எல்லை தாண்டியதில்லை. அத்தை பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போவார். மலையைச் சுற்றி வரும்போது வலிக்காத முட்டி, மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கும்.

அம்மாவின் நாள் விடியும் முன்பே தொடங்கிவிடும். சமைத்து, எனக்குத் தலை பின்னி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால் பள்ளியில் தொடர்ந்து வகுப்பு. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். வீடு திரும்பினால் தெருப் பிள்ளைகள் சந்தேகம் கேட்க நிற்பார்கள். பிறகு சமையல், பிறகு பேப்பர் கட்டு. அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் பேப்பர் திருத்தும்போதுதான்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு வழக்கம்போல எங்கள் வீடு லாட்ஜாகிவிட்டது. திருவண்ணாமலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். தீபம் வந்தால் எந்தக் காலத்தில் பழகியவர்களும் சொந்தக்காரர்களாகிவிடுவார்கள். ஹாலில், மாடியில், அப்பாவின் கடை முன்னால் எல்லாம் பாய் விரித்திருந்தது. அத்தனை பேருக்கும் அம்மாதான் சமைத்தாள். நடுவில் மாடல் எக்ஸாம் பேப்பரும் திருத்தினாள். எல்லாரும் மலை உச்சி ஜோதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பியபோது அம்மாவின் குரலும் கிளம்பிவிட்டது. காற்று மட்டும்தான் வந்தது.

டாக்டரிடம் போனபோது நானும் கூட இருந்தேன். "தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்கணும்மா. இப்படியே கத்திக்கிட்டிருந்தா அப்புறம் டீச்சர் வேலையே பண்ண முடியாது" என்றார் அவர். ஆட்டோவில் திரும்பும்போது அம்மா அப்பாவின் காதருகே, "பொங்கலோட வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன்" என்று சொன்னது எனக்கும் கேட்டது.  நோட்டு இல்லாமலே முழுப் பாடத்தையும் போர்டில் போடுகிறவள் அம்மா. சாக்பீஸ் இல்லாத அம்மாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை. கார்த்திகை இன்னும் முடியவில்லை. அம்மா பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை, எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டாள்.

"டீச்சர், பையனுக்கு நாளைக்கு டெஸ்ட்டாம். ஒரு அரை மணி நேரம் சொல்லிக் குடுத்துடுங்களேன்."

அம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினாள்.

"இன்னா டீச்சர், தொண்டை கட்டிக்கிச்சா? மிளகு போட்டு பால் குடிங்க, சரியாயிடும். பையன இப்போ அனுப்பட்டுமா, சமைச்சு முடிச்சதும் அனுப்பட்டுமா?"

அம்மா மறுபடியும் தொண்டையைத் தொட்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிரிவலப் பாதையில் ஒரு சாமியார் இருப்பார். கழுத்தில் 'மௌனம்' என்று எழுதிய சிலேட்டு தொங்கும். யார் என்ன கேட்டாலும் இதே மாதிரிதான் தொண்டையைத் தொட்டுக் கும்பிடுவார். எங்கள் வீட்டில் காய்ச்சலோ கடையில் வியாபாரம் கம்மியோ, எதற்கும் அத்தை முதலில் எடுப்பது விரதம்தான். அம்மாவும் தொண்டை சரியாக விரதம் எடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

"அக்கா, அம்மா மௌன விரதம். பேசக்கூடாது" என்றேன்.

எதிர்வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ, தெரியாம தொந்தரவு பண்ணிட்டேனே! கார்த்திகை சோமவாரம் வேற. மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர்." கோயில் சன்னிதியில் நகர்வதுபோல முதுகைக் காட்டாமல் வாசல் வரை பின்னோக்கியே நடந்து போனாள்.

சத்தம் கேட்டு அத்தை பூஜை அறையிலிருந்து வந்தார். "இன்னா பாப்பா சொன்ன?"

"அம்மா இன்னைலேர்ந்து மௌன விரதம் அத்தை."

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டத் தெம்பில்லையோ, மனசில்லையோ, சும்மா நின்றாள்.  அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போனார்.

"விரதம்னா ஒழுங்கா இருக்கணும். மாடிக்குப் போ. மலையப் பாத்து உக்காரு. நான் கூப்பிடற வரைக்கும் எறங்காத. அடுப்ப நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து திங்கள் சாயங்காலம்தோறும் விரதம் என்றாகி, வீடே மாறிப்போயிற்று. கடையிலிருந்து வந்த அப்பா வழக்கம்போல மாடிப்பக்கம் பார்த்து, "என் பனியன் எங்க?" என்று குரல் கொடுத்தார்.

"டேய், விரதத்துல இருக்கறவகிட்ட பனியன் கேக்கறியா? பாவம்டா! உனக்குக் கண்ணு இல்ல? கொடியில தொங்குது பாரு."

"சாம்பார்ல உப்பே இல்லையே அக்கா?"

"உப்பு கம்மியா சாப்பிட்டா ரோஷம் கம்மியாவும். சாப்புடு."

அம்மா அப்பாவை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தையும் அதற்கு முன் பேசியதில்லை. விரதத்தைக் காப்பாற்றுகிற அதிகாரம் கையில் வந்ததும் அவருக்குக் குரல் ஒரு கட்டை ஏறிவிட்டது. போகிறது அம்மாவுடைய குரல், ஏறுகிறது அத்தையுடைய குரல் என்று அப்பா முணுமுணுத்தார்.

ஒரு திங்கட்கிழமை பள்ளியிலிருந்து ஹெட்மாஸ்டர் போன் செய்தார். ஆண்டு விழா நிகழ்ச்சியையும் அம்மாவே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லத்தான். போனை நான் எடுத்தேன், அத்தை பிடுங்கிக்கொண்டார்.

"சார், அது மௌன விரதத்துல இருக்குது. நான் வேணா மாடிக்குப் போயி கலைச்சுடட்டுங்களா? நீங்க சொன்னா கலைச்சுடறேன். அந்தப் பாவம் உங்களுக்கா எனக்கான்னு மட்டும் சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் அவசரமாக, "வேணாம்மா, வேணாம்மா, வேற டீச்சர்கிட்ட குடுத்துக்கறேன்" என்று கேட்டது.

தொண்டை வலி என்று சொன்னபோது மிளகுப்பால் சொன்னவர்கள்தான் எல்லாரும். மருந்தும் சொல்லி, வேலையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். விரதம் என்று கேட்டதும் அதே ஆட்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அம்மா சாமியார் மாதிரி ஆகிக்கொண்டு வருகிறாள் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டேன்.

மார்கழி பிறந்து ஒரு திங்கட்கிழமை. அம்மா மேலே என்ன மந்திரம் சொல்கிறாள் என்று பார்க்கும் ஆசையில் பூனை மாதிரி மாடி ஏறினேன். உச்சியில் தீபம் முடிந்து மலை கருநீலமாக நின்றுகொண்டிருந்தது. அம்மா பாயில் படுத்திருந்தாள். திருத்தாத பேப்பர் கட்டுதான் தலையணை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

 விரத நேரத்தில் தூங்கினால் விரதம் கெட்டுவிடும் என்று சொல்லிக்கொடுத்ததே அத்தைதான். சிவராத்திரிக்கு என் கண்ணில் தண்ணீர் தெளித்து எழுப்பியவர் அவர். விரதம் கெட்டால் தொண்டை போய்விடும், தொண்டை போனால் பொங்கலோடு வேலை போய்விடும். கீழே ஓடினேன்.

"அத்தை! அம்மா தூங்குது! விரதம் கெட்டுப்போச்சு!"

"கத்தாத!" என்றார் அத்தை. அடுப்பைத் தணித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி 'அருணாசலா' சொல்லி ஏறினார். நான் பின்னாலேயே போனேன். இனிமேல் எல்லாம் முடிந்தது, அத்தை சமையலறையை விட்டுவிடுவார், எதிர்வீட்டு அக்கா பையனோடு வந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

அத்தை அம்மாவை நின்று பார்த்தார். எழுப்பவில்லை. முட்டியை மடக்கி மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் கொசுவை விரட்டத் தொடங்கினார்.

"எழுப்பலையா அத்தை?"

"தூங்கலடி. அது சமாதி நிலை."

"குறட்டை வருதே?"

"அந்த நிலைல அப்படித்தான் வரும். வாய மூடிக்கிட்டு கீழ போயி சோறு வடியுதான்னு பாரு."

நான் நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள், கோயில் மண்டபத்தில் யாராவது குறட்டை விட்டுக் கிடந்தால் கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டுவேன்.

பொங்கல் வந்தது, போனது. அம்மா வேலையை விடவில்லை. குரல் முழுசாகப் பழையபடி ஆகவில்லை, கொஞ்சம் கரகரப்பு தங்கிவிட்டது, ஆனால் கத்துவதை நிறுத்திவிட்டாள். வகுப்பில் சத்தம் வந்தால் தானும் சத்தம் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாளாம், பிள்ளைகளே அடங்கிவிடுவார்களாம். கணக்கைப் பிள்ளைகளையே போர்டில் போட்டு விளக்கச் சொன்னாள். பரீட்சை நாளன்று அந்தப் பிள்ளைகள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, பிறகு ஹாலுக்குள் போனார்கள். அதற்கு 'டீச்சர் விரதம்' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். ஓய்வு பெறும் வரை அம்மா திங்கட்கிழமையை விடவில்லை. அத்தை காலமாகும் வரை அந்த அடுப்பை விடவில்லை, உப்பும் கடைசி வரை சேரவில்லை.

இப்போது நான் கீழ்பென்னாத்தூரில் குடித்தனம் செய்கிறேன். என் பெண் பிளஸ் டூ. டியூஷன், டெஸ்ட், மறுபடி டியூஷன். அவள் முகத்தில் அந்தத் தீபத்து அம்மாவைப் பார்த்தபோதுதான் இந்த விஷயம் எனக்குள் மறுபடி எழுந்தது. திங்கள் சாயங்காலம் எங்கள் வீட்டிலும் இப்போது மௌனம். போன் எல்லாம் அரிசி டப்பா மேல் போய்விடும். அவள் தூங்கினால் நான் முந்தானையோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அம்மா போன வாரம்தான் ஒன்று சொன்னாள். முதல் திங்கட்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை பனங்கற்கண்டு போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து வைத்து, "விரதம்னு நீ சொல்லல, பாப்பா சொல்லிச்சு. அதனால உனக்குப் பாவம் இல்ல. அடுத்த வாரமும் இரு" என்றாராம். ஆக, அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வில்வத்தைக்கூட அந்தி சாய்ந்த பிறகு பறிக்காத அத்தை, மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு என்னிடம் சமாதி என்று ஏன் சொன்னார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. பொய் சொல்கிறோம் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார் என்பதும் புரியவில்லை. இப்போது புரிகிறது. அப்படி அலுத்துப்போனவள் தூங்குவதை ஈசன் வேறு எந்தக் கணக்கில் வைப்பான்?

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்ந்துபோன டீச்சரோ, படிக்கிற பிள்ளையோ உங்களுக்குத் தெரிந்து இருந்தால் இதைக் கொடுங்கள். ஆனால் இருக்கிறபடியே கொடுங்கள். மலையில் ஒளி தெரிந்தது, அசரீரி கேட்டது என்று எதையும் சேர்க்க வேண்டாம். இத்தனை பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்றும் எழுத வேண்டாம். அத்தை எனக்காக மாற்றிச் சொன்னது அன்றைக்குப் போதும். அம்மா தூங்கினாள் என்று நான் எழுதியிருக்கும் இடத்தில், தூங்கினாள் என்றே இருக்கட்டும்.