எழுந்திருக்காத காமன்

இலங்கை மலையகத்தில் ராகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளின் தலையை மட்டமாகக் கவ்வாத்து வெட்டுகிறவர்களில் சோலைமலையின் நிரை தனியாகத் தெரியும். ஒரு வெட்டும் பிளந்திருக்காது; செடிகளெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். அவன் அக்கா அம்மாக்கண்ணு கொழுந்துக் கூடையோடு அந்த வழியாகப் போகும்போது வேண்டுமென்றே நடையைக் குறைப்பாள்.

"எந்தம்பி நெரை, பாத்துக்கிடுங்க."

தாயில்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து ஆளாக்கியவள் அவள்.

1961 மாசியில் காமன் கூத்துக்கு அவனையே காமனாக்கினார்கள். காமன் வேடக்காரன் கையில் காப்புக் கட்டினால் வீட்டை விட்டு விலகி, ஒருவேளை மட்டும் உண்டு, வாயடக்கி இருக்க வேண்டும். சோலைமலை அந்த ஒருவேளைச் சோற்றையும் பாதியில் தள்ளினான். ரதி வேடம் போட்ட அழகன் சீண்டிப் பார்த்தான்.

"என்னங்க காமரே, கட்டுன பொஞ்சாதியப் பாத்து ஒரு சிரிப்புக்கூட வராதா?"

சோலைமலை கையை ஓங்கிவிட்டான். அம்மாக்கண்ணுவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அவன் வெரதம் அப்படி!" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

தம்பி மனைவி மீனம்மா தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவளை மறித்தாள்.

"மதினி, இது வெரதம் இல்லிங்க. காப்புக் கட்டுறதுக்கு முந்தியே இப்படித்தான். இடுப்பு வலிங்கிறாரு, தல பாரங்கிறாரு, மருந்துக்கும் கேக்கல. புள்ள அழுதா எரிஞ்சு விழுறாரு. கவ்வாத்துக் கத்தி துருப்பிடிச்சுக் கெடக்கு."

"சாமி காரியத்துல வாய வைக்காத புள்ள. சாமி ஆளப் பாத்து முன்கூட்டியே புடிச்சிருக்கு."

சிவன் காமனை எரித்த மூன்றாம் நாள் காலை உயிரெழுப்பும் சடங்கு. வெள்ளைத் துணிக்கடியில் சோலைமலை படுத்திருந்தான். தப்பு முழங்கியது. தண்ணீர் தெளித்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. மறுபடி தெளித்தார்கள்.

"காமன் நல்லாத் தூங்கிட்டாருடா!" என்றான் அழகன். கூட்டம் சிரித்தது.

அம்மாக்கண்ணு துணியை விலக்கினாள். கண்கள் திறந்தே இருந்தன.

"எந்திரிக்கணுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கனமே இல்லை. காமனுக்கு உயிர் வந்துவிட்டதென்று பெண்கள் குலவையிட்டார்கள். அவள் பிடித்திருந்த பிடியில்தான் அவன் நின்றான்.

காப்பை அறுத்தார்கள். அன்று மத்தியானம் மீனம்மா கோழிக்குழம்பு வைத்தாள். விரதம் முடிந்த மனிதன் இலை முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எப்ப இருந்து புள்ள?" அம்மாக்கண்ணு மீனம்மாவிடம் கேட்டாள்.

"தீபாவளிக்கு முந்தியே, மதினி."

அவள் ஒரு கவளம் உருட்டி அவன் வாயருகே நீட்டினாள். சொன்னபடி கேட்கும் பிள்ளையைப் போல அவன் வாயைத் திறந்தான். சோறு உள்ளே போயிற்று. அவன் மெல்லவில்லை.