பெவ்வின் சம்பளம் விழுந்த கணக்கு

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரில் நாய் வளர்க்கும் எல்லோருக்கும் பெவர்லி ஹாட்ஃபீல்டைத் தெரியும். பெவ் என்றுதான் கூப்பிடுவார்கள். மீன் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். யாராவது கொழுத்த நாயைக் கூட்டிவந்தால், "இதுக்குச் சோறு போடுறியா, இல்ல காத்து அடிக்கிறியா?" என்று கேட்பாள். திட்டு வாங்கியவர்களே மறுபடியும் அவளிடம்தான் வருவார்கள். எவ்வளவு கடிக்கிற நாயும் அவள் கை பட்டால் அடங்கிவிடும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு தம்பி நைஜலை வளர்த்தது அவள்தான். அவனுக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது என்ற நிலை வந்தபோது, கடற்கரையில் பர்கர் வண்டி போடப்போகிறேன் என்று அக்காவிடம் வந்து நின்றான். அவள் தன் பெயரில் கடன் வாங்கிக் கொடுத்தாள். வண்டி ஒரு கோடைக்கு ஓடியது. அதை விற்ற பணத்தில் மனைவி டோனாவோடு ஸ்பெயினுக்குப் போய் வெயில் காய்ந்துவிட்டு வந்தான். கடன் பெவ்வின் தலையில் நின்றது. அதை அடைக்க இன்னொரு கடன், அதற்கு ஒரு கார்டு என்று போனது. கடை வாடகை ஏறியது, மின்சாரக் கட்டணம் ஏறியது, ஜனங்கள் நாயை வீட்டிலேயே குளிப்பாட்ட ஆரம்பித்தார்கள். கடையை மூடிவிட்டு, நான் சமையல் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குத் துப்புரவு வேலைக்கு வந்தாள். எங்கள் பழக்கம் அங்கேதான்.

நூலகத்து மாடியில் கடன்பட்டவர்களுக்கு இலவசமாக யோசனை சொல்லும் ஹிலரி என்ற பெண்மணி, திவால் ஆவதைத் தவிர வேறு வழி இல்லை என்று சொல்லிவிட்டாள்.

"உத்தரவு வர்ற அன்னிக்கே உங்க இப்போதைய கணக்கை முடக்கிடுவாங்க, பெவ். சம்பளம் அதுல விழுந்தா எடுக்க முடியாது. அதனால நீங்க கடன் வைக்காத வங்கியாப் பார்த்து, முன்னாடியே ஒரு அடிப்படைக் கணக்கு திறந்துக்குங்க. அதுல கடன் எடுக்க முடியாது, காசோலை கிடையாது. சம்பளம் விழும், கார்டு போட்டு எடுக்கலாம். அவ்வளவுதான்."

"பிச்சைக்காரன் கையில தட்டு குடுக்கற மாதிரி."

"தட்டு இல்லாட்டி விழறதும் கீழதான் விழும்," என்றாள் ஹிலரி.

பெவ் என்னையும் கூட வரச் சொன்னாள். "பக்கத்துல ஒரு ஆள் இருந்தா என் வாய் அடங்கும்."

எங்கள் ஊரில் வங்கிகள் ஒவ்வொன்றாக மூடிப்போய், மூன்று மிச்சம். ஒன்றில் அவளுக்குக் கடன் இருந்தது. இரண்டாவதில் பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ கேட்டார்கள். பெவ் கடல் தாண்டியதில்லை, கார் ஓட்டியதில்லை. பிறப்புச் சான்றிதழை நீட்டினாள். அங்கிருந்த பையன் அதைப் புரட்டிப் பார்த்து, "இதுல போட்டோ இல்லையே," என்றான்.

"பொறந்த அன்னிக்கு எடுத்த போட்டோவை வச்சு என்னைக் கண்டுபிடிச்சிருப்பியா?"

அவன் சிரிக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

மூன்றாவது வங்கியில் உட்கார்ந்திருந்தவள் கெய்லி. அவள் அம்மாவுக்கு வேலை போயிருந்த காலத்தில் அவர்கள் வீட்டு நாய்க்குப் பெவ் காசு வாங்காமல் முடி வெட்டியிருக்கிறாள். தெரிந்த முகம் என்று பெவ்வுக்குத் தைரியம் வந்தது. குனிந்து, மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

"திவாலா?" என்றாள் கெய்லி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி. "திவால் ஆகறவங்களுக்கு நாங்க கணக்கு குடுக்கறதில்லையே."

"சாதாரணக் கணக்கு இல்ல கண்ணு, அடிப்படைக் கணக்கு. அதுக்குத் தடை இல்லன்னு ஹிலரி சொன்னாங்க."

"அப்போ ஹிலரியையே ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு ஆள், "நாய்களுக்கு மொட்டை போட்டுட்டு இப்ப வங்கிக்கே மொட்டை போட வந்துட்டியா, பெவ்?" என்றான். அதற்கும் சிரிப்பு. பெவ்வின் வாய் திறக்கும் என்று காத்திருந்தேன். அவள் கைப்பையை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

கெய்லி சொன்னது தப்பு. அந்த வங்கி திவாலானவர்களுக்கும் அப்படிக் கணக்கு கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. எழுந்துபோய் உள்ளே ஒரு வார்த்தை கேட்க அவளுக்கு மனமில்லை. அது எங்களுக்குத் தெரிந்தது பிறகுதான்.

தெருவில் நடக்கும்போது பெவ் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவங்க வீட்டு நாய்க்குக் காதுக்குள்ள சீழ் பிடிச்சிருந்தது. நான்தான் பார்த்துச் சொன்னேன்."

கணக்கு கிடைக்கும்வரை பொறுக்கச் சொன்னாள் ஹிலரி. ஆனால் வசூல்காரர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். முடிவெட்டும் மேசையையும் உலர்த்தும் இயந்திரத்தையும் விற்றுத் திவால் மனுவுக்குக் கட்டணம் கட்டினாள் பெவ். உத்தரவு வந்தது, கணக்கு முடங்கியது. எங்கள் அலுவலகத்தில், யார் கணக்கு எண்ணாவது கொடு, இல்லாவிட்டால் சம்பளம் போட முடியாது என்று நெருக்கினார்கள்.

நைஜல் தானாகவே வந்தான். "என் நம்பரைக் குடு பெவ். வந்ததும் எடுத்து உன் கையில குடுத்துடறேன். நான் என்ன அந்நியனா?"

வேண்டாம் என்று நான் சொன்னேன்.

"உனக்குத் தம்பி இருக்கானா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்பப் பேசாதே."

முதல் மாதம் பாதியைக் கொடுத்தான், மீதி நாளைக்கு என்றான். இரண்டாவது மாதம் ஒன்றும் வரவில்லை. இல்லத்துச் சமையலறையில் மிஞ்சியதை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அதில் பாதியை அவள் நாய் டூக்குக்கு எடுத்துப் போனாள். வேட்டைநாய் கலப்பு, ஒல்லிக் கால்கள், வாய் ஓரமெல்லாம் நரைத்திருந்தது. கடை போன பிறகும் அவளிடம் மிஞ்சிய ஒரே நாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டூக்கின் வயிறு கல்லாக வீங்கிவிட்டது. குடல் முறுக்கிக்கொண்டது என்று தொட்டதுமே பெவ்வுக்குத் தெரிந்துவிட்டது. என் காரில் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். உடனே அறுவை செய்தால் பிழைக்கலாம், பாதிப் பணத்தை முன்னால் கட்ட வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். மருத்துவரின் உதவிப்பெண்ணும் தன் பையிலிருந்து கொஞ்சம் போட்டாள். போதவில்லை.

பெவ் நைஜலுக்குப் போன் செய்தாள். அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"காசு எங்க இருக்கு பெவ்? என் கணக்கே வங்கிக்குக் கடன்ல கிடந்துச்சு. உன் சம்பளம் விழுந்ததும் வங்கிக்காரன் எடுத்துக்கிட்டான்."

"டோனா புதுசா சோபா வாங்கியிருக்கான்னு சொன்னாங்களே."

"அது வேற காசு."

"டூக் செத்துருவான்டா."

"கிழட்டு நாய்க்கா இவ்வளவு செலவு? ஊசி போட்டு முடிக்கச் சொல்லு. அது மலிவு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னொண்ணு. நீ சம்பளத்தை அடுத்தவன் கணக்குல ஒளிச்சு வச்சிருக்கேன்னு திவால் அதிகாரிக்குத் தெரிஞ்சா உன்னை என்ன செய்வாங்கன்னு யோசிச்சுக்கோ. ஒரு போன் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

பெவ் போனை வைத்தாள். உள்ளே போய், ஊசி போட்டுவிடச் சொன்னாள். முன்னங்காலில் முடியை மழிக்க வேண்டியிருந்தது. உதவிப்பெண் அதற்குத் தயாரானாள். பெவ் மழிக்கும் கருவியை வாங்கித் தானே வழித்துக் கொடுத்தாள். ஒரு கீறல் இல்லை. டூக் அவள் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது, நாக்கு நிற்கும்வரை.

மறுநாள் ஹிலரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "ஏன் முதல்லயே என்கிட்ட வரல?" என்று ஹிலரி கத்திவிட்டாள். பிறகு அவளே அதிகாரிக்கு நடந்ததை எழுதினாள். அவர் அதைக் குறித்துக்கொண்டதோடு சரி, பெவ்வை ஒன்றும் செய்யவில்லை. நைஜல் காட்டியது வெறும் பூச்சாண்டி. திவால் அலுவலகம் அனுப்பிய கடிதத்தையே அடையாளமாக எடுத்துக்கொண்டு அதே மூன்றாவது வங்கிக்கு இருவரும் போனார்கள். வேறொரு பெண் இருந்தாள். ஹிலரி உட்கார்ந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள் கணக்கு திறந்தாகிவிட்டது. அவ்வளவு சுலபம்.

பக்கத்து இருக்கையில் இருந்த கெய்லி எட்டிப் பார்த்து, "கிடைச்சிருச்சா? நல்லதாப் போச்சு," என்றாளாம். பெவ்வும், உங்கள் நாய் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாளாம். "அதை எப்பவோ யாருக்கோ குடுத்துட்டோம்," என்றாளாம் கெய்லி.

நைஜலிடமிருந்த சம்பளம் திரும்பவில்லை. குடும்ப விவகாரம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது போலீஸ். ஒரு வருஷத்தில் திவால் நிலையிலிருந்து அவளை விடுவித்தார்கள். அந்த வாரம் டோனாவின் பிறந்தநாள் விருந்து. பெவ் போனாள். மேசையில் டோனாவின் அப்பா அம்மா எல்லோரும் இருக்க, நைஜல் குழம்புக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, "எங்க வீட்டுத் திவாலுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்கப்பா, கடன்தான்," என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம்.

"நீ என்ன செஞ்சே?" என்று கேட்டேன்.

"நானும்தான் சிரிச்சேன்." தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எதுக்குப் போனே?"

"வேற யார் வீட்டுக்குப் போவேன்?"

இப்போது அவள் சம்பளம் மாதாமாதம் அவள் கணக்கிலேயே விழுகிறது. வேறு நாய் வளர்க்கவில்லை. போன மாதம் நைஜல் இல்லத்தின் பின்வாசலில் வந்து நின்றான். பெட்ரோலுக்குக் காசு இல்லையாம். பெவ் சாலைமுனை இயந்திரத்துக்குப் போய், கார்டு போட்டு இருபது பவுண்டு எடுத்துவந்து கொடுத்தாள். அவன் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான்.